முப்பது சொற்களுக்குக் குறையாமல்

ஓய்வூதியம் வாங்கும் ஒருவர், தாம் உயிரோடு இருப்பதை ஆண்டுக்கு ஒரு முறை நிரூபிக்க வேண்டும். நவம்பர் மாதம் வங்கிக்குப் போய் ஒரு சிறிய இயந்திரத்தின் மேல் விரலை வைத்தால், அது சற்று யோசித்துவிட்டு, ஆமாம், இருக்கிறார் என்று சொல்லும். ஆவடியில் படைக்கலத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கார்த்திகேசன் இதை நான்கு முறை வெற்றிகரமாகச் செய்திருந்தார். ஆகவே, தாம் ஓர் எழுத்தாளராக இருப்பதையும் நிரூபிக்க வேண்டும் என்று கடிதம் வந்தபோது அவருக்கு அது விசித்திரமாகத் தோன்றவில்லை. எந்த விரல் என்று மட்டும்தான் யோசித்தார்.

கடிதம் அனுப்பியது மேற்கு வட்டார நூல் தேர்வு வாரியம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துக் கிளை நூலகங்களுக்குப் புத்தகம் தேர்ந்தெடுப்பது அதன் பணி.

‘தங்கள் நூல் தகுதியுடையதாகக் கருதப்பட வாய்ப்புள்ளதாகக் கருதப்படுகிறது. எனினும், தாங்கள் பொதுவெளியில் இருப்பதற்கான சான்றிதழ் இணைக்கப்படவில்லை. இல்லாத ஒருவரின் நூலைப் பரிசீலிக்க விதிகளில் இடமில்லை’ என்றது கடிதம்.

கார்த்திகேசன் எழுதியிருந்தது ஒரே ஒரு புத்தகம். பெயர், ‘கிடங்கில் ஒரு கொக்கு’. செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கத்தில் ஒரு வயல் இருந்தது. வயல் இருந்த இடத்தில் கிடங்கு வந்துவிட்டது. அது தெரியாத ஒரு கொக்கு, பழைய வழக்கப்படி நண்டு தேடி அங்கே இறங்கி, கிடங்குக்குள் மாட்டிக்கொள்கிறது. எப்படி வெளியே வருகிறது என்பதுதான் கதை. சிறுவர்களுக்காக எழுதியது. நூற்றுப் பன்னிரண்டு பக்கம், ஆறு வருட உழைப்பு. அதில் இரண்டு வருடம் கொக்கை வெளியே கொண்டுவருவதற்கே ஆனது.

பூந்தமல்லியில் அச்சகம் வைத்திருக்கும் சுலைமான், வாரியம் தேர்ந்தெடுத்தால் அச்சிடுவதாகச் சொல்லியிருந்தார். அப்படி அச்சானால் வட்டாரத்தின் ஒவ்வொரு கிளை நூலகத்துக்கும் ஒரு பிரதி போகும். கார்த்திகேசனுக்குப் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. முன்பின் தெரியாத ஒருவர் அந்தப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்து, நின்ற இடத்திலேயே படிப்பதை ஒரு முறை கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

*

வாரியத்தின் அலுவலகம் அம்பத்தூரில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. இருப்பு அலுவலர் என்று பலகை மாட்டிய அறையில் ஞானசேகரன் இருந்தார். கைப்பேசியில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தவர், எழுதி முடித்து, சொற்களை எண்ணி, அனுப்பிவிட்டு நிமிர்ந்தார்.

“சொல்லுங்க.”

“நான் இருக்கேன் சார். சான்றிதழ் வாங்க வந்தேன்.”

“எங்க இருக்கீங்க?”

“மேனாம்பேட்ல.”

“அது முகவரி. பொதுவெளியில இருக்கீங்களா?”

கார்த்திகேசன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்.

“அந்த வெளி இல்ல சார். முகநூல்ல, அங்க இங்க, மத்தவங்க எழுதறதுக்குக் கீழ நீங்க ஏதாவது எழுதறீங்களா?”

“நான் கதை எழுதறேன்.”

“கதை எழுதறது உள்ளுக்குள்ள நடக்கிற காரியம். நீங்க எழுத்தாளர்னு ஊருக்கு எப்படித் தெரியும்?”

“புத்தகம் வந்தா தெரியும்.”

“புத்தகம் வர்றதுக்குத்தானே சான்றிதழ் கேக்கறோம்” என்றார் ஞானசேகரன், குழந்தைக்குச் சொல்வதுபோல.

இதில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கார்த்திகேசன் ஒப்புக்கொண்டார். ஞானசேகரன் படிவம் 7-இ என்ற தாளை எடுத்து நீட்டினார். எழுத்தாளர் என்பவர் தொண்ணூறு நாட்களுக்குள் பிறர் பதிவுகளின் கீழ் இருநூறு சிந்தனைமிக்க கருத்துரைகள் எழுதியிருக்க வேண்டும். சிந்தனைமிக்க கருத்துரை என்பது முப்பது சொற்களுக்குக் குறையாதது. அதில் ஒரு பாராட்டும் ஒரு மெல்லிய ஐயமும் இருக்கும். கேள்வி இருக்கக் கூடாது. கேள்வி என்பது சிந்தனை முற்றுப்பெறவில்லை என்பதன் அறிகுறி. கைகூப்பும் படம் ஒரு சொல்லாகக் கொள்ளப்படும், மூன்றுக்கு மேற்படாமல். சரிபார்க்கும் நாளில் கருத்துரை அதே இடத்தில் நின்றுகொண்டிருக்க வேண்டும்.

“முன்னெல்லாம் விருப்பக் குறியை எண்ணினோம் சார். ஆயிரம் குறி. நிறைய எழுத்தாளர்களுக்குக் கட்டை விரல் வீங்கிப் போச்சு. அதனாலதான் சிந்தனைக்கு மாத்தினோம்.”

“என் புத்தகத்தை யார் படிச்சுத் தேர்ந்தெடுப்பாங்க?”

“அதுக்கு ஐந்து பேர் கொண்ட குழு இருக்கு.”

“படிச்சுட்டாங்களா?”

“அவங்க அஞ்சு பேருக்கும் இந்த மாசம் சான்றிதழ் புதுப்பிக்கணும். தலைக்கு மேல வேலை” என்றார் ஞானசேகரன்.

*

தொழிற்சாலையில் கார்த்திகேசன் இருந்தது ஆய்வுப் பிரிவில். ஆய்வாளரின் வேலை, மற்றவர்கள் செய்ததைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, குறை இருந்தால் சிவப்புப் பெயிண்ட் வைத்துத் திருப்பி அனுப்புவது. அவர் பார்க்காமல் ஒரு துண்டு இரும்பும் அந்தப் பிரிவைத் தாண்டியதில்லை. பிறர் எழுதியதைப் பற்றிக் கருத்துச் சொல்லும் வேலைக்குத் தம்மைவிடப் பொருத்தமானவர் வட்டாரத்திலேயே கிடையாது என்று அவர் நினைத்தது இயல்புதான்.

முதலில் அம்பத்தூர் அடுக்கு மாடியில் வசிக்கும் ஸ்ரீகாந்த் என்ற கவிஞரின் பதிவை எடுத்துக்கொண்டார். கணினி நிறுவனத்தில் வேலை. தினமும் காலையில் ஒரு கவிதை. அன்றைய கவிதையில், செம்பரம்பாக்கம் ஏரியின் கிழக்குக் கரையில் காதலியோடு அமர்ந்திருக்கிறார், சூரியன் மறைகிறது, அதே நேரத்தில் எதிர்க்கரையில் முழு நிலா எழுகிறது.

கார்த்திகேசன் கவிதையை மூன்று முறை படித்தார். ஒரு தாளில் ஏரியை வரைந்து பார்த்தார். பிறகு எழுதினார். தண்ணீரின் நிறத்தைச் சொல்லியிருக்கும் இடம் மிக நன்றாக இருக்கிறது. எனினும், முழு நிலா கிழக்கில்தான் எழும். கிழக்குக் கரையில் இருந்தபடி அதைப் பார்க்க வேண்டுமானால் கவிஞர் ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி அவர் உட்கார்ந்திருந்தால் தண்ணீரின் நிறம் கண்ணுக்குத் தெரிந்தே இருக்காது. மொத்தம் முப்பத்திரண்டு சொற்கள்.

மாலையில் கைப்பேசி அடித்தது.

“சார், நான் ஸ்ரீகாந்த். நீங்க என் கவிதையைப் படிச்சீங்களா?”

“மூணு தடவை.”

“ஏன் சார்? என் மேல ஏதாவது கோபமா?”

கார்த்திகேசனின் மனைவி புஷ்பா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “யாருங்க அது? உங்களைத் திட்டறாரா?”

“இல்ல. நான் படிச்சுட்டேன்னு வருத்தப்படறார்.”

கார்த்திகேசன் தளரவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று என்று ஆய்வு செய்தார். ஒரு சமையல் குறிப்பில் உப்பு இருமுறை சேர்க்கப்படுவதைக் கண்டுபிடித்தார். ஒருவரின் நினைவுக் கட்டுரையில் ஒன்றரை வயதில் அவர் தனியாக ரயிலேறி ஆவடிக்கு வந்திருப்பதைக் கணக்கிட்டுச் சொன்னார். எல்லாவற்றிலும் முதலில் ஒரு பாராட்டு, அதுவும் மனதார. தொண்ணூறாம் நாள் இருநூற்று மூன்று கருத்துரைகளோடு அம்பத்தூருக்குப் போனார்.

ஞானசேகரன் சரிபார்த்தார். வெகுநேரம் சரிபார்த்தார்.

“ஒன்பதுதான் சார் இருக்கு.”

“இருநூத்தி மூணு எழுதினேன்.”

“எழுதியிருப்பீங்க. நீங்க எழுதினதும் அவங்க பதிவையே எடுத்துட்டாங்க. பதிவு போனா கருத்துரையும் போயிடும்.”

“ஒன்பது பேர் எடுக்கலையே?”

ஞானசேகரன் மறுபடியும் பார்த்தார். “ஆறு பேர் கடவுச்சொல்லை மறந்தவங்க. மூணு பேர் காலமானவங்க.”

பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். அலுவலர்களுக்கும் இரக்கம் உண்டு.

“சார், நீங்க எங்க தப்புப் பண்றீங்க தெரியுமா? படிச்சுட்டு எழுதறீங்க.”

“படிக்காம எப்படி எழுதறது?”

“படிச்சா ஏதாவது தோணும். தோணினா சொல்லத் தோணும். சொன்னா அவங்களுக்கு வருத்தம். இதெல்லாம் எதுக்கு? நாங்க கேக்கறது சிந்தனைமிக்க கருத்துரை. சிந்தனையை யார் கேட்டா? முப்பது நாள் கூடுதலாத் தர்றேன். எல்லாருக்கும் பொருந்தற மாதிரி ஒண்ணு தயார் பண்ணிக்கோங்க.”

*

வீட்டில் புஷ்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு, “ஒரே ஒரு தடவை நல்லா எழுதி வெச்சுக்கிட்டு அதையே ஒட்டிக்கிட்டுப் போங்களேன். கல்யாண வீட்டு மொய்க் கவர்ல எழுதற மாதிரி” என்றாள்.

கார்த்திகேசனுக்கு உடனே புரிந்தது. தொழிற்சாலையில் கேஜ் என்று ஓர் அளவுகோல் உண்டு. துளைக்குள் கேஜ் போனால் பாஸ், போகாவிட்டால் சிவப்புப் பெயிண்ட், யோசிக்கவே வேண்டியதில்லை. கேஜும் நாளாக ஆகத் தேயும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கேஜையே சோதிப்பார்கள், அவ்வளவுதான். இதுவும் ஒரு கேஜ். மூன்று நாள் உட்கார்ந்து செதுக்கினார்.

‘தங்கள் இந்தப் பதிவை ஒரே மூச்சில் வாசித்தேன். மேலோட்டமாகப் பார்த்தால் எளிமை. உள்ளே இறங்கினால் ஆழம். சொன்னவற்றை விடச் சொல்லாமல் விட்டவை அதிகம் பேசுகின்றன. எனினும் முடிவு சற்று விரைவாக வந்துவிட்டதோ என்று ஒரு சிறு ஐயம். தொடர்ந்து எழுதுங்கள். வாழ்த்துகள்.’

சரியாக முப்பது சொற்கள். பாராட்டு உண்டு, ஐயம் உண்டு, கேள்வி இல்லை.

அதை ஸ்ரீகாந்தின் புதிய கவிதையின் கீழ் ஒட்டினார். ஸ்ரீகாந்த் ஐந்து நிமிடத்தில் மூன்று முறை கைகூப்பினார். சமையல் குறிப்பின் கீழ் ஒட்டினார். உப்புக்காரம்மா நெகிழ்ந்து போனார். தொண்ணூற்று நான்கு வயதில் காலமான ஒரு பெரியவரின் மரண அறிவிப்பின் கீழ் ஒட்டினார். முடிவு சற்று விரைவாக வந்துவிட்டதோ என்ற வரியைப் படித்து அழுததாக மூத்த மகன் பதில் எழுதினார். மேனாம்பேட்டில் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் இருக்காது என்ற அறிவிப்பின் கீழ் ஒட்டியபோதுதான் சிலர், முடிவு விரைவாக வந்ததாகத் தங்களுக்குத் தெரியவில்லை என்று மாறுபட்டார்கள்.

பதினோரு நாளில் இருநூறு ஆயிற்று. ஒன்றைக்கூட யாரும் எடுக்கவில்லை. ஒருவர் அதைப் படியெடுத்து வைத்துக்கொள்ள அனுமதி கேட்டார். கார்த்திகேசன் அனுமதித்தார். பிறகு பலர் அனுமதி கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள்.

சான்றிதழ் வந்தது. கார்த்திகேசன் இருக்கிறார் என்று அதில் எழுதி, முத்திரை குத்தியிருந்தது.

*

இருக்கிறவரின் புத்தகம் என்பதால் வாரியம் அதைத் தேர்ந்தெடுத்தது. சுலைமான் அச்சிட்டார். பிரதிகள் நூலகங்களுக்கு நேராகப் போயின. ஆசிரியருக்கான இருபத்தைந்து பிரதிகள் சணல் கயிறு போட்ட கட்டாக மேனாம்பேட்டுக்கு வந்தன. அதே நாளில் வாரியம் தன்னுடைய முகநூல் பக்கத்தில் அட்டைப் படத்தை வெளியிட்டது.

மளமளவென்று கருத்துரைகள் வந்தன. சான்றிதழ் வேண்டியவர்களும் புதுப்பிக்க வேண்டியவர்களும் வட்டாரத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். இரண்டு வாரத்தில் இருநூற்றுப் பதினான்கு. ஞானசேகரனே பதினேழாவதாக எழுதியிருந்தார். அவரும் கவிதை எழுதுகிறவர். குழுவின் ஐந்து பேரும் எழுதியிருந்தார்கள்.

படிவத்தின் பின்பக்கத்தில் இன்னொரு விதி இருந்தது. தம் நூலைப் பற்றிய ஒவ்வொரு கருத்துரைக்கும் ஆசிரியர் முப்பது சொற்களில் மறுமொழி எழுத வேண்டும். மறுமொழி எழுதாதவர் மறைந்தவராகக் கருதப்படுவார். கார்த்திகேசன் காலையில் உட்கார்ந்தால் மாலைவரை மறுமொழி எழுதினார். சணல் கயிற்றுக் கட்டு அடுப்படி மேடைப் பக்கம் இருந்தது. உயரம் சரியாக இருந்ததால் புஷ்பா அதன் மேல் மிக்ஸியை வைத்துக்கொண்டாள்.

பதினைந்தாம் நாள் காலை பத்து நாற்பதுக்கு இருநூற்றுப் பதினைந்தாவது கருத்துரை வந்தது. எழுதியவர் பெயர் கெங்கம்மாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செம்பருத்திப் பூ.

‘நைனா, கொக்க உள்ள வெச்சி ஷட்டர எறக்கிட்டாங்க. அடுத்த பக்கத்துல ஏரியில நிக்கிது. நடுவுல பதினாறு பக்கம் காணோம். அது எப்டி வெளிய வந்துச்சி?’

கார்த்திகேசன் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அது மறைந்தது. அடுத்த நிமிடம் ஞானசேகரன் அழைத்தார்.

“மன்னிக்கணும் சார். உங்க பதிவுல தகுதியில்லாத கருத்துரை ஒண்ணு வந்துடுச்சு. உடனே எடுத்துட்டேன்.”

“யார் அவங்க?”

“நூம்பல் கிளை நூலகத்துல பெருக்கறவங்களாம். பதினெட்டே சொல் சார். சிந்தனையே இல்ல. கேள்வி வேற. ஏதோ பக்கம் காணோமாம்.”

கார்த்திகேசன் எழுந்து போய் மிக்ஸியை இறக்கினார்.

“தேங்காய் அரைச்சுட்டு இருக்கேங்க” என்றாள் புஷ்பா.

அவர் கயிற்றை அறுத்தார். முதல் பிரதியை எடுத்துப் பிரித்தார். அறுபத்து நான்காம் பக்கத்தில் ஷட்டர் இறங்கியது. அதற்கு அடுத்த பக்கத்தின் எண் எண்பத்தொன்று. கொக்கு ஏரியில் நின்றுகொண்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது பிரதியிலும் அப்படியே. இருபத்தைந்திலும் அப்படியே.

“புத்தகம் வந்து பதினஞ்சு நாள் ஆகுது. நீங்க பிரிச்சே பார்க்கலையா?” என்று கேட்டாள் புஷ்பா.

முப்பத்தொரு ஆண்டுக் காலம் ஆய்வாளராக இருந்தவர், அறுத்த கயிற்றைப் பொறுமையாகச் சுற்றி வைத்தார். படிவப்படி அது கேள்வி, மறுமொழி கட்டாயமில்லை.

*

பூந்தமல்லியில் சுலைமான் அச்சகத்தில் பதினாறு பக்கம் ஒரே தாளில் அச்சாகி, மடித்து, அடுக்கித் தைக்கப்படும். அந்த மடிப்புக்கு ஃபாரம் என்று பெயர். ஐந்தாவது ஃபாரத்தை அடுக்க மறந்திருக்கிறார்கள். அவ்வளவும் ஒரு மூலையில் இன்னும் கட்டாக இருந்தது. கட்டின் மேல் இரண்டு டீ கிளாஸ் இருந்தது.

“அண்ணே, தப்புத்தான். ஒத்துக்கறேன்” என்றார் சுலைமான். “ஆனா இருநூத்திப் பதினாலு பேர் பாராட்டியிருக்காங்க. ஒருத்தர்கூடக் குறை சொல்லலை.”

“ஒருத்தங்க சொன்னாங்க.”

“அதைத்தான் எடுத்துட்டாங்களே. நீங்களே பாருங்க, சொல்லாம விட்டதுதான் அதிகம் பேசுதுன்னு நூத்தி அறுபது பேர் எழுதியிருக்காங்க. இப்பப் போய் நீங்க அதைச் சொல்லிட்டா அவங்க என்ன நினைப்பாங்க?”

கார்த்திகேசன் அந்தக் கட்டிலிருந்து ஒரே ஒரு ஃபாரத்தை உருவி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அம்பத்தூருக்கு வந்தார்.

ஞானசேகரன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“சேர்க்கலாம் சார். தாராளமாச் சேர்க்கலாம். ஆனா நாங்க பதிவேட்டுல ஏத்தினது இந்தப் பதினாறு பக்கம் இல்லாத புத்தகத்தை. சேர்த்தா அது வேற புத்தகம். புதுசா விண்ணப்பிக்கணும். பழைய புத்தகத்தைத் திரும்ப வாங்கணும். வாங்கினா அந்தப் பதிவை எடுக்கணும். எடுத்தா அதுக்குக் கீழ இருக்கிற இருநூத்திப் பதினாலு கருத்துரையும் போயிடும். அதை நம்பித்தான் அத்தனை பேரும் புதுப்பிச்சிருக்காங்க. ஒரு கொக்கு வெளிய வர்றதுக்காக இருநூத்திப் பதினாலு எழுத்தாளர்கள் இல்லாமப் போகணுமா?”

“நீங்களும் அதுல இருக்கீங்க.”

“நான் என்னைப் பத்திக் கவலைப்படலை சார்” என்றார் ஞானசேகரன், கவலையோடு. பிறகு மேசை இழுப்பறையைத் திறந்தார். “தொழிற்சாலையில ஆய்வாளரா இருந்தீங்கன்னு உங்க விண்ணப்பத்துல பார்த்தேன், அந்த அனுபவத்தை வாரியம் மதிக்குது. கௌரவக் கருத்துரை ஆய்வாளர்னு ஒரு பதவி காலியா இருக்கு. அடையாள அட்டை தருவோம். கேஜ் மாதிரி ஒரு அளவுகோலும் உண்டு.”

அவர் ஒரு நீண்ட பிளாஸ்டிக் அட்டையை வெளியே எடுத்தார். அதில் முப்பது கட்டங்கள் இருந்தன. நான்கு வருடமாகக் கையில் கேஜ் பிடிக்காத மனிதர் அதை வாங்கிக்கொண்டார். பிறகு அந்தப் பதினாறு பக்கத்தைப் பற்றிப் பேசவில்லை.

*

ஆனாலும் கேட்டவளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். மறுநாள் பேருந்தில் ஏறி நூம்பலுக்குப் போனார்.

கிளை நூலகம் ஒற்றை அறை. கெங்கம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஜன்னல் பக்கம் நின்று ஏதோ படித்துக்கொண்டிருந்தாள்.

“கொக்கு எப்படி வெளியே வந்ததுன்னு கேட்டிருந்தீங்களே” என்றார் கார்த்திகேசன். “நான்தான் எழுதினேன். காணாமப் போன பக்கம் இது.”

“ஐய, நீதானா நைனா அது? கேட்டதுக்கு எட்த்துட்டானுங்களே, நீதான் கோச்சிகினு எட்த்துட்டியோன்னு நெனச்சேன். குடு, குடு.”

ஃபாரத்தை வாங்கி, நின்ற இடத்திலேயே படிக்க ஆரம்பித்தாள். கார்த்திகேசன் ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஆறு வருடமாக ஆசைப்பட்ட காட்சி அது. அவள் உதடு அசைந்தது. ஓர் இடத்தில் சிரித்தாள். ஓர் இடத்தில் திரும்பப் போய் மறுபடி படித்தாள்.

அந்தப் பதினாறு பக்கத்தில் நடந்தது இதுதான். கொக்கு கிடங்குக்குள் வந்ததாகப் பதிவேட்டில் இல்லை. உள்ளே வந்ததாகப் பதிவில்லாத ஒன்றை வெளியே அனுப்ப முடியாது என்கிறார் மேலாளர். ஆகவே முதலில் கொக்கு வந்ததற்கு ஒரு சீட்டு, பிறகு போவதற்கு ஒரு சீட்டு, மொத்தம் ஏழு கையெழுத்து. ஒவ்வொரு கையெழுத்தும் ஒரு வேடிக்கையான சம்பவம். ஏழாவது கையெழுத்து விழுந்ததும் ஷட்டர் உயர்கிறது, கொக்கு பறக்கிறது.

கெங்கம்மாள் படித்து முடித்தாள்.

“நல்லாத்தான் எழுதிகீற நைனா. ஆனா ஏழு கையெழுத்து வாங்கறதுக்குள்ள கொக்கு செத்துடும்.”

“கதைதானே அம்மா.”

“கதைதான். எங்க ஊட்டுக்காரரு அந்த ஏரியாண்ட ஒரு குடோன்லதான் வாட்ச்மேனா கீறாரு. நான் இன்னா நெனச்சேன்னா, வாட்ச்மேன் பாத்துருப்பான். எவனையும் கேக்காம ஷட்டர ஒரு சாண் தூக்கிவுட்ருப்பான். அது பாட்டுக்கு நடந்து வெளிய வந்துருக்கும். கொக்குக்கு ஒரு சாண் பத்தும் நைனா, குனிஞ்சிக்கும்.”

இரண்டு வருடம் யோசித்ததில் ஒரு நாள்கூடக் கார்த்திகேசனுக்கு அது தோன்றியிருக்கவில்லை.

“அப்ப இந்தப் பதினாறு பக்கம்?”

“வெச்சிக்கறேன். நீ பஸ் ஏறிக் கொணாந்து குட்த்துகீறயே” என்றாள் அவள். ஃபாரத்தை முழுத் தாளாக விரித்து, கீழ்த்தட்டில் கறையான் அரித்திருந்த இடத்தின் மேல் போட்டு, புத்தகங்களை அதன் மேல் அடுக்கினாள். ‘கிடங்கில் ஒரு கொக்கு’ ஓரமாக நின்றது. தாள், தட்டின் அளவுக்குக் கச்சிதமாக இருந்தது. ஆய்வாளர் என்ற முறையில் கார்த்திகேசனால் அதில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

*

அடுத்த மாதம் வாரியம் ஒரு படி மேலே போனது. எழுத்தாளர்கள் இருந்தால் மட்டும் போதாது, வாசகர்களும் இருக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. நூலகத்தில் புத்தகம் தொட விரும்புகிறவர், ஏதேனும் ஒரு நூலைப் பற்றி ஒரு சிந்தனைமிக்க கருத்துரை எழுதி, வாசகர் இருப்புச் சான்றிதழ் பெற வேண்டும். சான்றிதழ் இல்லாதவர் நூலகத்தில் பெருக்கலாம், படிக்கக் கூடாது.

முதல் விண்ணப்பம் நூம்பலிலிருந்து வந்தது. கருத்துரை ஆய்வாளர் கார்த்திகேசனின் மேசைக்கு அது போயிற்று.

‘கொக்கு தானா வெளிய வந்துச்சோ யாரு வுட்டாங்களோ தெரியல. வந்துச்சி. அது போதும்.’

கார்த்திகேசன் கட்டம் போட்ட அட்டையை அதன் மேல் வைத்தார். பத்துச் சொற்கள். இருபது கட்டம் காலியாக இருந்தது. பாராட்டும் இல்லை. முறைப்படி சிவப்பு.

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஞானசேகரன் யாருக்கோ முப்பது சொற்கள் எழுதிக்கொண்டிருந்தார். கார்த்திகேசன் யாரையும் கேட்கவில்லை. ‘தகுதி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முத்திரையையும் தாமே குத்தினார். ஆனால் ஆய்வாளராக இருந்துவிட்ட பழக்கம், குறிப்புக் கட்டத்தைக் காலியாக விட மனம் வரவில்லை. அதில் இப்படி எழுதினார்: ‘அளவுகோல் தேய்ந்துள்ளது.’

அந்த ஒரு வரி வாரியத்தை உலுக்கிவிட்டது. தேய்மானத்தை ஆராய அவசரக் கூட்டம் நடந்தது. முப்பது கட்ட அட்டை தேய்ந்திருந்தால், அது முப்பது என்று காட்டியதெல்லாம் உண்மையில் குறைவாகத்தான் இருந்திருக்கும் என்று ஓர் உறுப்பினர் சுட்டிக்காட்டினார். ஆகவே தேய்மானத்தை ஈடுகட்டும் பொருட்டு முப்பது என்பது நாற்பதாக உயர்த்தப்பட்டது. ஆணை பழைய கருத்துரைகளுக்கும், அவற்றைக் காட்டிப் பெற்ற சான்றிதழ்களுக்கும், இனி எழுதப்படுபவற்றுக்கும் பொருந்தும். தேய்மானம் முறையாகக் குறிப்பிடப்பட்டு வழங்கப்பட்ட சான்றிதழ்களுக்கு மட்டும் விலக்கு.

ஆணை, வழக்கம்போல, வாரியத்தின் முகநூல் பக்கத்தில் வெளியானது. ஆணை என்றால் அதையும் வரவேற்க வேண்டுமல்லவா? மாலைக்குள் இருநூற்றுப் பதினாறு எழுத்தாளர்கள் அதை ஒரே மூச்சில் வாசித்ததாகக் கருத்துரை எழுதினார்கள். ஞானசேகரன் எழுதினார். ஸ்ரீகாந்த் எழுதினார். கை பழகிவிட்டதால் கார்த்திகேசனும் ஒன்றை ஒட்டினார். எல்லாமே சரியாக முப்பது சொற்கள்.

அன்றைய தேதிக்கு மேற்கு வட்டாரம் முழுவதிலும், இருக்கிறார் என்று செல்லுபடியாகும் சான்றிதழ் வைத்திருந்தவர் ஒருவர்தான். அவர் நூம்பலில் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு, அடுத்த புத்தகத்தை எடுத்துக்கொண்டிருந்தார்.